உந்து நிலையத்தை நகர்த்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் கழிவுநீர் உந்து நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்ற கோரிக்கை சென்னைக்குப் புதிதல்ல. வார்டு கூட்டத்தில் எழுகிறது, நலச்சங்கங்கள் மனு கொடுக்கின்றன, தேர்தல் வந்தால் வாக்குறுதியாகவும் ஆகிவிடுகிறது. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. வருடம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் எங்கே மாற்றுவது என்று பேசும் அளவுக்கு எப்படி மாற்றுவது என்று யாரும் பேசுவதில்லை. நாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமல் நிலையத்தை நானூறு மீட்டர் தள்ளி வைத்தால் நாற்றமும் நானூறு மீட்டர் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இந்த வேலையிலேயே இருந்தவர்கள் என்ற முறையில் சில கணக்குகளை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில், அது ஏன் அங்கே நிற்கிறது? பாதாளச் சாக்கடையில் நீர் தானாக ஓட வேண்டும், ஓடுவதற்குச் சரிவு வேண்டும். தெரு தட்டையாக இருந்தாலும் குழாய் இறங்கிக்கொண்டே போகும். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயே படுத்துக் கிடக்கும் இந்த ஊரில், வீட்டு வாசலில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் ஐந்து, ஆறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதற்கும் கீழே தோண்டினால் ஊற்றுநீர், மணல் சரிவு, பக்கத்து வீட்டுச் சுவர் என்று வரிசையாகத் தலைவலி. அதனால் அந்த இடத்தில் ஒரு கிணறு இறக்கி, நீரைச் சேர்த்து, பம்பு வைத்து ஏற்றி அடுத்த நிலையத்துக்கோ, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்கோ அனுப்புகிறார்கள். அந்தப் பகுதிக் குழாய்கள் எல்லாம் வந்து கூடும் தாழ்விடம் அது. பழைய நிலையங்கள் பலவற்றைச் சுற்றி அன்று வீடுகளே இல்லை. 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் கதை தலைகீழ்: அங்கே வீடு முதலில் வந்தது, குழாய் பிறகு வந்தது, மிச்சம் கிடந்த துண்டு நிலத்தில் நிலையத்தைச் செருக வேண்டியதாயிற்று.

இப்போது அதை 300 மீட்டர் தள்ளி வைப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய கிணற்றுக்கு வந்துகொண்டிருந்த குழாயைப் புதிய இடம்வரை நீட்ட வேண்டும். 400-க்கு 1 என்ற சரிவில் போட்டால் 300 மீட்டருக்கு 75 சென்டிமீட்டர் இறங்கும். எந்தத் திசையில் நகர்த்தினாலும் இது மாறாது. மேட்டுப் பக்கம் போனால் அங்கே தரை உயர்ந்திருப்பதால் தோண்டும் ஆழம் இன்னும் கூடும். அந்த 75 சென்டிமீட்டருக்காகக் கிணறு ஆழமாகும், செலவு ஏறும். அதோடு நிலையம் இருக்கும் காலம் வரை ஒவ்வொரு லிட்டரையும் அந்த 75 சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்க மின்கட்டணம் கட்ட வேண்டும். நகர்த்தவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 300 மீட்டர் நகர்த்துவதற்கு என்ன விலை என்று தெரிந்து நகர்த்த வேண்டும்.

நாற்றத்துக்கு வருவோம். உந்து நிலையத்தில் நாற்றம் கிளம்பும் இடங்கள் நான்கு. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

கிணற்றுக்குள் வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே இருக்கும். கழிவுநீர் அங்கிருந்து அருவி மாதிரி விழுந்து தெறிக்கும். சோடா பாட்டிலைக் குலுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்: நீரில் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிரிந்து வெளியே வருகிறது. குழாய் வாயில் ஒரு வளைவு பொருத்தி, கீழ்நோக்கிய குழாயைக் குறைந்தபட்ச நீர்மட்டத்துக்கும் கீழே இறக்கிவிட்டால் இந்தத் தெறிப்பு நின்றுவிடும். பொருள் செலவு சில ஆயிரங்கள். இதைச் செய்யாமலேயே கோடிக்கணக்கில் இடமாற்றத் திட்டம் போடுவதை என்னவென்று சொல்வது?

அடுத்தது கம்பிச் சல்லடை. கிணற்றுக்கு முன்னால் தொட்டியில் சாய்வாக நிற்கும் இரும்புக் கம்பிகளில் துணி, நாப்கின், தலைமுடி, ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார் எல்லாம் வந்து சிக்கும். ஊழியர் வாரியால் வாரி மேலே இழுத்துப் போடுவார். தண்ணீர் வடியட்டும் என்று அந்தக் குவியல் தரையிலேயே கிடக்கும், குப்பை லாரி வரும்வரை இரண்டு நாளோ மூன்று நாளோ. பக்கத்து வீட்டுக்கு வரும் நாற்றத்தில் பெரும்பங்கு இந்தக் குவியலுடையது, ஈயும் இதனால்தான். தேவையானவை: 20 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இயந்திரச் சல்லடை, பிழிந்து தள்ளும் திருகு, மூடியுள்ள தொட்டி, தினமும் காலையில் எடுத்துப் போகும் வண்டி. கடைசியில் சொன்னது ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் முதல் மூன்றாலும் பயனில்லை.

மூன்றாவது, நீர் தேங்கும் நேரம். சராசரி வரத்தில் கிணற்றில் அரைமணி நேரத்துக்கு மேல் நீர் நிற்கக்கூடாது என்பது கணக்கு. நடைமுறையில், ஆள் வந்து ஸ்விட்சைத் தட்டும்வரை கிணறு நிரம்பி, வரும் குழாயும் நிரம்பி, மேலே எண்ணெய்யும் கொழுப்பும் அடை மாதிரி படர்ந்து நிற்கும். அந்த அடைக்குக் கீழே காற்றில்லாமல் நீர் புளித்துக் கறுக்கிறது. தானியங்கி மட்ட உணரி இருக்கும் நிலையங்களிலும் இது நடக்கிறது. மிதவை ஸ்விட்சின் மேல் கொழுப்பு ஒட்டி அது சாயாமல் அப்படியே நின்றுவிட, 'ஆட்டோ வேலை செய்யவில்லை' என்று கைமுறைக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு அது ஆட்டோவுக்குத் திரும்புவதே இல்லை. மீயொலி மட்டமானியோ அழுத்த மட்டமானியோ பிரதானமாகவும் மிதவை துணையாகவும் இருக்க வேண்டும். மிதவையை வாரம் ஒருமுறை பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

நான்காவது இடம் நிலையத்திலேயே இல்லை. பம்பு தள்ளும் உந்துக் குழாய் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு தெருவில் ஆள்நுழைக் குழியில் போய்க் கொட்டும். குழாய்க்குள் மணிக்கணக்கில் காற்றில்லாமல் அடைந்து கிடந்த நீர் அங்கே திறந்ததும் வாயுவைக் கக்குகிறது. அந்தத் தெருக்காரர்கள் எந்தக் காலத்திலும் உந்து நிலையத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். 'சாக்கடை அடைப்பு' என்று புகார் எழுதுவார்கள். இதே வாயு குழியின் ஈரச் சுவரில் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கும். ஸ்குரூ டிரைவரால் கீறினால் மாவு மாதிரி உதிரும். சில வருடத்தில் மூடியோடு சேர்ந்து சாலை உள்ளே போவது இப்படித்தான். நிலையத்தைத் தூரத் தள்ளும்போது உந்துக் குழாயும் நீண்டால் இந்த நான்காவது நாற்றம் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆக முதல் மூன்றுக்கு இருக்கும் இடத்திலேயே தீர்வு உண்டு. பிறகு எப்போதுதான் இடமாற்றம் சரி? கிணற்றின் சுவர் அரித்துக் கம்பி வெளியே தெரிகிறது. பம்பைத் தூக்க கிரேன் உள்ளே வர வழியில்லை. மழை வெள்ளத்தில் மின்பலகை மூழ்குகிறது. மக்கள்தொகை கூடியதால் கிணற்றின் கொள்ளளவே போதவில்லை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் மாற்றிவிடலாம். புதிய இடமாகப் பூங்காவைக் கைகாட்டாதீர்கள். வழக்கில் போய் முடங்கும்.

மாற்றுவதென்றால் அளவு எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம். 30,000 பேர் வாழும் பகுதி. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்புகிறது என்றால் 108 லிட்டர். மொத்தம் நாளுக்கு 32.4 லட்சம் லிட்டர், நொடிக்கு 37.5 லிட்டர். ஊர் மொத்தமும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் குளித்துத் துவைத்து முடிப்பதால் உச்ச வரத்து இதைவிட அதிகம். மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேடு 20,000-க்கு மேல் 50,000 வரையிலான மக்கள்தொகைக்கு 2.5 மடங்கு என்கிறது. நொடிக்கு 94 லிட்டர். இதற்கு 47 லிட்டர் பம்பு இரண்டு ஓட வேண்டும், மூன்றாவது மாற்றாக நிற்க வேண்டும். பழுதுக்குப் போன பம்பு மாதக்கணக்கில் திரும்பாத ஊர் நம் ஊர் என்பதால், நான்காவது ஒன்றைக் கிடங்கில் வாங்கி வைப்பது ஆடம்பரம் ஆகாது. நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்றின் சீல் (மோட்டாருக்குள் நீர் புகாமல் காக்கும் அடைப்பு) இன்னொன்றுக்குப் பொருந்தாவிட்டால் உதிரி வைத்திருந்தும் இல்லாத மாதிரிதான்.

கிணற்றின் உள்விட்டம் 5 மீட்டர் என்றால் பரப்பு 19.6 சதுர மீட்டர். பம்பு ஒரு மணிக்கு ஆறு தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று வைத்தால், ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 7,000 லிட்டர், அதாவது 36 சென்டிமீட்டர் வேண்டும். அரைமணித் தேக்கம் என்ற மேல்வரம்பு 67,500 லிட்டர், ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இரு மட்டங்களின் இடைவெளியைச் சுமார் ஒரு மீட்டராக வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். கிணற்று அடித்தரை சமதளமாக இருக்கக்கூடாது. பம்பை நோக்கி 45 டிகிரிக்குக் குறையாத சாய்வு இல்லையென்றால் மூலைகளில் சேறு படிந்து கெட்டியாகும், அதை எடுக்க ஒரு மனிதரைத்தான் இறக்குவார்கள்.

உந்துக் குழாயில் நடக்கும் தவறு விசித்திரமானது. 'எதிர்காலத்துக்கும் சேர்த்துப் பெரிசாகவே போட்டுவிடுங்கள்' என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். 350 மில்லிமீட்டர் குழாயில் இரண்டு பம்பும் ஓடினால் நொடிக்கு 98 சென்டிமீட்டர் வேகம், நல்லது. ஆனால் நாளின் பெரும்பகுதியில் ஒரு பம்புதான் ஓடும். அப்போது வேகம் 49 சென்டிமீட்டராக விழும். அந்த வேகத்தில் மணல் நகராது, குழாயின் அடியில் படியும். 300 மில்லிமீட்டர் போட்டால் ஒரு பம்புக்கு 66 சென்டிமீட்டர், இரண்டுக்கு 1.33 மீட்டர். 1,200 மீட்டர் நீளத்துக்கு உராய்வு இழப்பு, அதாவது உராய்வை வெல்லப் பம்பு கூடுதலாகத் தூக்குவதற்குச் சமமான உயரம், 350-இல் சுமார் 3 மீட்டர், 300-இல் 6 மீட்டர். அந்த மூன்று மீட்டர் கூடுதல் மின்சாரத்தைக் கொடுத்துக் குழாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது லாபம். இன்னொன்று: 1,200 மீட்டர் நீள 300 மில்லிமீட்டர் குழாயில் 85,000 லிட்டர் அடங்கும். நள்ளிரவுக்குப் பிறகு வரத்து நொடிக்கு 12 லிட்டர் அளவுக்கு இறங்கும்போது அந்த நீர் உள்ளே இரண்டு மணி நேரம் கிடக்கும். மேலே சொன்ன நான்காவது நாற்றம் இங்குதான் உருவாகிறது. 350 என்றால் அது இரண்டே முக்கால் மணி நேரம். எதிர்காலத்துக்கு இடம் வைக்க வேண்டுமானால் பக்கத்தில் இரண்டாவது குழாய்க்குத் தடம் விட்டு வையுங்கள்.

பம்பு தூக்க வேண்டிய உயரம் 10 மீட்டர், உராய்வு 6, நிலையத்துக்குள் வால்வு வளைவுகளில் 2 என்று மொத்தம் 18 மீட்டர் வந்தால், 47 லிட்டருக்கு 20 குதிரைத்திறன் மோட்டார் போதும். பெரிய மோட்டார் பாதுகாப்பானது என்று 30 வைத்தால், கூடவே பெரிய பம்பும் வந்து சேரும். கிணறு மளமளவென்று காலியாகி, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகி, மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும்.

திடீர் மின்வெட்டு இன்னொரு பகை. 1.33 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த நீர்த்தூண் சட்டென நின்றால், இரும்புக் குழாயில் எழக்கூடிய அழுத்த அலை கணக்குப்படி 150 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். 18 மீட்டருக்கு வடிவமைத்த நிலையம் அது. 'சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருக்கிறதே' என்பார்கள். அது நாமாக நிறுத்தும்போதுதான் மெதுவாக நிறுத்தும். கரண்ட் போனால் அதற்கும் கரண்ட் இல்லை. மேடான இடங்களில் கழிவுநீருக்கென்றே செய்த காற்று வால்வு, நிலையத்தில் அழுத்தத் தொட்டி அல்லது அதற்கு இணையான தடுப்பு, தள்ளிய நீர் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் எடைக்கை பூட்டிய தடுப்பிதழ் ஆகியவை மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் குடிநீர்க் காற்று வால்வை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆறே மாதத்தில் அதன் பந்து கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கிணறு இறக்குவதை அக்கம்பக்கத்தார் கவனமாகப் பார்க்க வேண்டும். மணற்பாங்கான இடத்தில் சுற்றிலும் ஊற்றுநீரை இறைத்துத் தள்ளிவிட்டுத் தோண்டினால் நீரோடு மணலும் வந்து, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியுள்ள வீட்டின் அஸ்திவாரம் இறங்கும். உள்ளே நீர் நிற்கும்போதே வெட்டி எடுத்து, கிணற்றைத் தன் எடையில் இறக்கி, அடியை மூடும் அடைப்புக் கான்கிரீட்டையும் குழாய் வழியே நீருக்கடியில் ஊற்றுவதே சரியான முறை. வேலை தொடங்கும் முன்பே சுற்றியுள்ள வீடுகளின் விரிசல்களைப் படமெடுத்து, விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், பிறகு வாக்குவாதமே இல்லை.

கட்டி முடித்த கிணறு மிதக்கும் என்றால் பலரும் நம்புவதில்லை. சுவர் 40 சென்டிமீட்டர் கனம், மொத்த ஆழம் 8 மீட்டர், அடியில் ஒரு மீட்டர் கான்கிரீட் அடைப்பு என்றால் எடை ஏறத்தாழ 183 டன். டிசம்பரில் ஊற்றுநீர் தரைக்கு ஒரு மீட்டர் கீழே நின்றால் நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை 185 டன். மண்ணின் பிடிமானம் ஒன்றுதான் அதை நிறுத்தி வைத்திருக்கும். பழுதுபார்க்கக் கிணற்றைக் காலி செய்யும் நாளில் ஒரு விரற்கடை எழும்பினாலும் வரும் குழாயின் இணைப்பு முறியும். அடைப்பைக் கனமாக்குவதோ, அடியில் வெளிநீட்டிய விளிம்பு வைப்பதோ வரைபடத்திலேயே தீர்க்க வேண்டிய காரியம்.

மின்பலகையும் ஜெனரேட்டரும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் நின்ற வெள்ள மட்டத்துக்கு 60 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். சுவரில் கறை இன்னும் இருக்கும், ஊர்க்காரர்களே காட்டலாம். இரண்டு பம்புகளுக்கு 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். மணிக்குச் சுமார் 10 லிட்டர் டீசல் குடிக்கும். 2016-ல் வர்தா வந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நினைத்தால் மூன்று நாளுக்கான 700 லிட்டர் அதிகமில்லை. சத்தத்துக்கு விதி தெளிவாக இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல், ஜெனரேட்டர் கூண்டுக்கு வெளியே ஒரு மீட்டரில் 75-ஐத் தாண்டக் கூடாது.

திட்டங்கள் தடுமாறும் கட்டம் பழைய நிலையத்திலிருந்து புதியதற்கு மாறும் அந்த ஓர் இரவு. 'ரெண்டு நாள் லாரி வைத்துச் சமாளிக்கலாம்' என்ற பேச்சு எல்லாத் திட்டத்திலும் வரும். 9,000 லிட்டர் லாரி ஒன்று சராசரி வரத்தில் நான்கு நிமிடத்தில் நிரம்பிவிடும்; காலை உச்சத்தில் ஒன்றரை நிமிடம். நாளொன்றுக்கு 360 நடை. இத்தனை லாரிக்கு அந்தத் தெருவில் நிற்க இடமே இல்லை. லாரியை நம்பிய மாற்றம் கடைசியில் மழைநீர் வடிகாலில் கழிவை விடுவதில்தான் முடியும்.

முறையாகச் செய்தால் வரிசை இது. புதிய கிணறு, பம்பு, உந்துக் குழாய் எல்லாவற்றையும் நல்ல நீரால் ஓட்டிச் சோதித்து முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழாயைச் சுற்றியே புதிய ஆள்நுழைக் குழியைக் கட்ட வேண்டும். குழாயின் மேற்பாதியை மட்டும் கடைசி இரவில் உடைக்கலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை, மழையில்லாத ஒரு நாளில், நள்ளிரவு ஒரு மணிக்கு மேல், மேல்பக்கக் குழியில் காற்றடைத்த ரப்பர் அடைப்பானை வைத்து வரத்தை நிறுத்துகிறார்கள். 450 மில்லிமீட்டர் குழாய் 500 மீட்டர் நீளத்துக்கு 79,000 லிட்டர் கொள்ளும். அதில் பாதிதான் காலி என்று வைத்தாலும், இரவு வரத்துக்கு 55 நிமிடம் தாங்கும். வேலைக்கு அது பத்தாது. ஆகவே மேல்பக்கக் குழியிலிருந்து பழைய கிணற்றுக்கு இரண்டு டீசல் பம்பும் குழாயும் தயாராக இருக்க வேண்டும். ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க. நான்கு மணிக்குள் புதிய பக்கம் திறந்துவிட வேண்டும், ஐந்து மணிக்கு ஊர் எழுந்துவிடும். பழைய நிலையத்தின் பம்புகளை ஒரு மாதமாவது அப்படியே விட்டு வையுங்கள். மறுநாளே கழற்றி ஏற்றிக்கொண்டு போகும் அவசரம் ஒப்பந்ததாரருக்கு இருக்கும், ஊருக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை போடும் என்பதால், செப்டம்பரில் பாதி தோண்டிய நிலையில் மாட்டினால் ஜனவரி வரை பள்ளம் அப்படியே கிடக்கும்.

பம்பு சொன்ன அளவு தள்ளுகிறதா என்று சோதிக்க ஆய்வகம் வேண்டாம். வரும் குழாயின் அடைப்புக் கதவை இறக்கிவிட்டு ஒரு பம்பை ஓட்டுங்கள். மேலே சொன்ன 5 மீட்டர் கிணற்றில் நீர் 10 சென்டிமீட்டர் இறங்க 42 நொடி ஆக வேண்டும். ஒரு நிமிடம் ஆனால் 47-க்குப் பதில் 33 லிட்டர்தான் போகிறது. சுழலியில் துணி சுற்றியிருக்கும், அல்லது தேய்மான வளையம் மணலில் அரைந்து இடைவெளி கூடியிருக்கும், அல்லது நின்றிருக்கும் பம்பின் தடுப்பிதழ் மூடாமல் தள்ளிய நீர் கிணற்றுக்கே திரும்பும். கடைசியில் சொன்னது என்றால் நின்ற பம்பு தலைகீழாகச் சுழலும். அந்த நேரத்தில் அதை ஸ்டார்ட் செய்தால் தண்டு முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பை மேலே தூக்கும்போது எண்ணெய்த் திருகைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெயை வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் கீழ் சீல் போய்விட்டது, நீர் உள்ளே புகுந்துவிட்டது. இன்றே சீல் மாற்றினால் சில ஆயிரத்தில் முடியும், விட்டால் மோட்டாரே போகும். பம்பைத் தூக்கும் வழித்தண்டும் சங்கிலியும் எவர்சில்வரில் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைக் கந்தக வாயு இரண்டு வருடத்தில் தின்றுவிடும். பிறகு பம்பு மேலே வராது, ஆளைத்தான் கீழே அனுப்புவார்கள்.

அந்த ஆளைப் பற்றி. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், கிணற்றின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'இப்போ வாடை இல்லை, இறங்கலாம்' என்று சொல்லி இறங்கியவர்கள் உண்டு. விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதித்தவர்களும் உண்டு. கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்றும் 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் நிர்ணயித்தது. புதிய கிணற்றுக்குள் நிரந்தர ஏணியே வைக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. ஏணி இருந்தால் யாராவது ஒருவர் இறக்கப்படுவார். தவிர்க்கவே முடியாத நாளில் ஆளை இறக்கித் தூக்கும் முக்காலித் தாங்கி, காற்றூதி, வாயுமானி, சுவாசக் கருவியோடு வரட்டும்.

குடியிருப்போர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மொட்டை மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருக்கும் வீடுகள் பல. 200 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்கு 2.8 லிட்டர். இப்படி 34 வீடுகள் இணைத்திருந்தால் 94 லிட்டர்: 30,000 பேருக்காகக் கட்டிய நிலையத்தின் முழுத்திறனும் 34 மாடிகளிலேயே தீர்ந்துபோகும். தெருவில் தேங்கிய வெள்ளம் வடியட்டும் என்று ஆள்நுழைக் குழி மூடியைத் திறந்து விடுவது இதைவிட மோசம். மழை நாளில் தரைத்தளக் கழிப்பறையில் பொங்குவது பம்பு ஓடாததால் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பம்பு முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய கிணற்றை என்ன செய்வது என்பதை மதிப்பீட்டில் எழுதாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. மூடி போட்டுப் பூட்டிவிட்டால் அது வாயு நிரம்பிய குழி. சேற்றை உறிஞ்சி எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, வரும் குழாயைக் கான்கிரீட்டால் அடைத்து, அடித்தளத்தில் துளையிட்டு, சுவரைத் தரைக்கு ஒன்றரை மீட்டர் கீழே வரை உடைத்து, மணலை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். பழைய உந்துக் குழாயின் இரு முனைகளையும் அடைத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை கேபிளுக்குத் தோண்டுபவர்கள் அதைக் குத்திவிட்டு எந்தத் துறையைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

சென்னைக் குடிநீர் வாரியம் இத்திட்டங்களுக்கு ஒப்பந்தம் கோருமுன் மூன்று தாள்களை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: வரும் குழாயின் அடிமட்டம் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எவ்வளவு என்ற நெடுக்குவெட்டுப் படம், உந்துக் குழாய் எந்தத் தெருவில், எந்தக் குழியில் கொட்டுகிறது என்ற வரைபடம், மாற்றம் நடக்கும் இரவின் மணிவாரிக் குறிப்பு. இரண்டாவது தாளில் பெயர் வரும் தெருக்காரர்களையும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். இதுவரை நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும்தான் நோட்டீஸ் போகிறது.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பொறியியல் பணியில் இருந்தவர்கள்,
சென்னை.